தள்ளு

மாதம் இருபத்தைந்து தினார்,
எட்டுப் பேர், எட்டு மாதம்.
குதைபியாவில் எங்கள் அறையின் சீட்டு அவ்வளவுதான்.
வியாழன் இரவு ஏலம்.
சட்டி கழுவும் சத்தத்துக்கு நடுவே
அமலதாஸ் கேட்பான்:
"யாருக்கு அவசரம்?"

எனக்கு அவசரம் இருந்ததில்லை.
அளவைக் கோட்பாட்டில் முதுகலை முடித்தவன்,
பாப் அல் பஹ்ரைன் பக்கம்
பணமாற்றுக் கடையில் மூன்றாம் கவுண்டர்.
ரூபாய் விழுந்த நாளில் வரிசை நீளும்,
வருகிறவர் முகமெல்லாம் மலர்ச்சி.
ஊர்க்காசு இளைத்தால் ஊர்விட்டு வந்தவனுக்குச் சதை போடும்:
எந்தத் தேற்றத்திலும் இதை நான் படித்ததில்லை.

இரவில் கோல்ட் ஸ்டோர் ரசீதுகளின் முதுகில்
கணக்குப் போடுவேன்.
நிரூபித்தால் போதும் என்றிருந்த கை
விலை சொல்லப் பழகிக்கொண்டிருந்தது.
எல்லை ஒன்று உண்டு என்று காட்டியதும்
ஜெபசெல்வி மேடம் சாக்பீஸை வைத்துவிடுவார்.
எவ்வளவு என்று யாராவது கேட்டால்
சிரிப்பார்.
அது கடைக்காரன் கேள்வியாம்.

இரண்டாம் மாதமே ஒரு நோட்டு போட்டேன்.
யார் எப்போது வீட்டுக்குப் பேசுகிறான்,
பேசி முடித்து மாடியில் எத்தனை நிமிடம் நிற்கிறான்,
எவன் பிள்ளைக்குப் பள்ளி திறக்கிறது,
எவன் ரீசார்ஜைத் தள்ளிப்போடுகிறான்.
எட்டுத் தலைக்கு எட்டு வளைகோடு,
என்னுடையதும் சேர்த்து.

ஐந்தாம் மாதம்
நூகு எடுத்த எடுப்பிலேயே "முப்பது" என்றான்.
யாரும் வாய் திறக்கவில்லை.
அமலதாஸ் இரண்டு தரம் சொல்லிவிட்டான்.
"முப்பத்தைந்து."
என் குரல்தான்.
நூகு திரும்பிப் பார்த்தான்,
வெங்காயம் உரித்த விரலோடு.
முப்பத்தாறு என்றான்.
நாற்பது.
நாற்பத்தொன்று.
நாற்பத்தேழு என்றேன்.
அவன் விட்டிருந்தால்
வேண்டாத பணம் என் தலையில் விழுந்திருக்கும்.
விடமாட்டான். நோட்டில் இருந்தது.
"நாற்பத்தெட்டு" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

ஐம்பதுவரை தாங்குவான் என்பது என் கணிப்பு.
விட்டுவைத்த இரண்டு தினாருக்கு
அன்றைக்குக் கருணை என்று பெயர் வைத்தேன்.
பிறகு அடித்துவிட்டு
பிழைக்கு இடம் என்று எழுதினேன்.

தலைக்கு ஆறு தினார் கழிவு.
நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் மூன்றே முக்கால்.
ஆக, என் முதல் வியாபாரத்தின் லாபம்
இரண்டு தினார் இருநூற்றைம்பது ஃபில்ஸ்.

நேர்முகத்தன்று சட்டைக்கு இஸ்திரி போட்டது நூகுதான்.
காலருக்கு மட்டும் மூன்று தடவை.

நிதித் துறைமுகம் என்று பெயர்;
பதினேழாம் மாடியிலிருந்து பார்த்தும்
ஒரு தோணி தெரியவில்லை.
ஹதாத் என்ற லெபனான்காரி கேட்டாள்,
அடுத்தடுத்து இரு தலை விழ
சராசரியாக எத்தனை முறை நாணயம் சுண்ட வேண்டும்?
ஆறு.
சொந்தக் காசில் எப்போதாவது துணிந்ததுண்டா?
சீட்டைச் சொன்னேன்.
பெயர்களை எடுத்துவிட்டுச் சொன்னேன்.
அவள் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்.
நடுவில் ஒருமுறை
"அழகு" என்றாள்.

கடிதம் வந்த வாரம்
சீட்டின் கடைசி மாதம்.
தள்ளு இல்லை, போட்டி இல்லை,
இருநூறு தினாரும் முழுசாக என் மடியில்.
"கணக்குப்பிள்ளை கெட்டிக்காரன்" என்றான் அமலதாஸ்.
அறை கைதட்டியது.

எல்லோரும் படுத்த பிறகு
நூகு என் கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்தான்.
"ஒன்றுமில்லை, சும்மா கேட்கிறேன்.
அன்றைக்கு ஸ்கேனுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது.
நான் கொஞ்சம் அதிகமாத் தள்ளிட்டேனோ?"

"கொஞ்சம்" என்றேன்.

"எவ்வளவு?"

கீழ்மாடியில் யாரோ தண்ணீர் கேனை
ஒவ்வொரு படியாக இடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
நான்
ஜெபசெல்வி மேடத்தைப் போலச் சிரித்தேன்.